அடி வாங்கும் பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறது? – இமாம் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களின் வாழ்வும் எச்சரிக்கையும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



பிள்ளையை மக்தபில் சேர்க்க வரும் பெற்றோரில் சிலர், கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று உஸ்தாதிடம் சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டிருக்கிறோம். பிள்ளை உருப்பட வேண்டும் என்ற கவலையில்தான் சொல்கிறார்கள். வீட்டிலும் இதே கதைதான். மார்க் குறைந்தால் அடி, பால் கொட்டினால் அடி, எதிர்த்துப் பேசினால் அடி. அடித்தால் பிள்ளை திருந்தும் என்பதில் நம்மில் பலருக்குச் சந்தேகமே கிடையாது.

சுமார் 650 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஒரு பெரும் ஆலிம் இதை உட்கார்ந்து யோசித்தார். அடி வாங்கும் பிள்ளை உண்மையில் எதைக் கற்றுக்கொள்கிறது என்று கேட்டார். அவர் கண்ட பதில் நம்மைத் தூங்கவிடாத பதில். அவர்தான் வரலாற்றுக் கலையின் இமாமாக உலகம் ஏற்றுக்கொண்ட அப்துர் ரஹ்மான் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள். இன்றைய ஜும்ஆவில் அவர்களுடைய வாழ்வைச் சற்றுப் பார்ப்போம்.

பதினேழு வயதில் யத்தீம்

ஹிஜ்ரி 732, ரமலான் பிறை 1 அன்று, அதாவது 1332-ஆம் ஆண்டு மே மாதம், தூனிஸ் நகரில் பிறந்தார்கள். முன்னோர்கள் யமனின் ஹள்ரமவ்த் பகுதியைச் சேர்ந்தவர்கள். பல தலைமுறைகள் ஸ்பெயினின் இஷ்பீலிய்யா நகரில் செல்வாக்கோடு வாழ்ந்து, அந்நகரம் 1248-இல் கிறிஸ்தவ மன்னரின் கைக்குப் போகும் முன்பே வட ஆப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்த குடும்பம் அது. தந்தை அரசியலை விட்டு ஒதுங்கி இல்மின் பக்கம் திரும்பியவர்.

குர்ஆனை மனனம் செய்தார்கள். ஏழு கிராஅத்துகளையும் ஓதினார்கள். ஹதீஸ், ஃபிக்ஹ், அரபு இலக்கணம் எல்லாம் நல்ல ஆசிரியர்களிடம் படித்தார்கள். ஆபிலீ என்ற பேரறிஞரிடம் தர்க்கமும் தத்துவமும் கற்றார்கள். தன் ஆசிரியர்களின் பெயர்களை முதிய வயதிலும் மறக்காமல், நன்றியோடு தன் சுயசரிதையில் எழுதி வைத்தார்கள்.

பதினேழு வயதில் இடி விழுந்தது. 1348-49-இல் வந்த பெரும் கொள்ளைநோய் தூனிஸைச் சூறையாடியது. தாயும் தந்தையும் அதில் வஃபாத்தானார்கள். ஆசிரியர்களில் பலரும் போய்விட்டார்கள். ஓதிக்கொண்டிருந்த பிள்ளை, ஓதிக் கொடுப்பவர் இல்லாமல் நின்றது.

அரண்மனைகளில் கண்ட பயம்

இருபது வயதில் தூனிஸ் அரசவையில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கிருந்து ஃபாஸ் நகரத்து சுல்தான் அபூ இனானிடம் போனார்கள். சதி செய்ததாகச் சந்தேகம் வந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சிறை. அந்த சுல்தான் இறந்த பிறகுதான் விடுதலை. அந்த சுல்தானையும் அவருடைய சொந்த வஸீரே கழுத்தை நெரித்துக் கொன்றார் என்று வரலாறு சொல்கிறது.

பிறகு கர்னாதா போனார்கள். அங்கே இருந்தவர் பெரும் கவிஞரும் வஸீருமான இப்னுல் கதீப், இவர்களுடைய நெருங்கிய நண்பர். 1364-இல் கஸ்தீலிய்யா மன்னன் பெட்ரோவிடம் தூதராகவும் சென்றார்கள். தன்னிடமே தங்கிவிட்டால் முன்னோர்களின் சொத்துகளைத் திருப்பித் தருவதாக அந்த மன்னன் சொன்னபோது மறுத்துவிட்டார்கள். பின்னாளில் இப்னுல் கதீப் எதிரிகளின் சூழ்ச்சியால் ஃபாஸ் சிறையில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். நண்பருக்காகப் பரிந்து பேசியும் காப்பாற்ற முடியவில்லை.

சகோதரர்களே! இருபது வருடத்துக்கும் மேல் அவர்கள் பார்த்தது இதைத்தான். சுல்தான் முன்னால் எல்லோரும் குனிந்து நிற்பார்கள், புகழ்வார்கள். முதுகு திரும்பினால் கத்தி. பயம் இருக்கும் இடத்தில் உண்மை இருக்காது என்பதை அவர்கள் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை, கண்ணால் பார்த்தார்கள்.

கோட்டையில் பிறந்த கிதாபு

1375-இல் அரசியல் அலுத்துப்போய், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள இப்னு ஸலாமா கோட்டையில் ஒரு அரபு கோத்திரத்தாரின் பாதுகாப்பில் குடும்பத்தோடு தங்கினார்கள். அங்கேதான் உலகப் புகழ் பெற்ற முகத்திமா எழுதப்பட்டது. அதன் முதல் வடிவத்தை 1377-இல் ஐந்தே மாதங்களில் எழுதி முடித்தார்கள்.

அரசுகள் எப்படி எழுகின்றன, எப்படி விழுகின்றன என்று பேசும் கிதாபு அது. அதற்கு நடுவே ஒரு சிறிய ஃபஸ்லு இருக்கிறது. மாணவர்களிடம் கடுமை காட்டுவது அவர்களுக்குத் தீங்கு என்பதே அதன் தலைப்பு. அரசுகளைப் பற்றி எழுதும் கிதாபில் பிள்ளையை அடிப்பது பற்றி என்ன பேச்சு என்று தோன்றலாம். அவர்களுடைய பார்வையில் இரண்டும் ஒன்றுதான். மக்களைக் கொடுமையால் ஆளும் மன்னனைப் பற்றி அதே கிதாபின் இன்னொரு ஃபஸ்லில் எழுதுகிறார்கள். அந்த மக்கள் பொய்யிலும் ஏமாற்றிலும் ஒளிந்துகொள்வார்கள். அதுவே அவர்கள் குணமாகிவிடும். போர்க்களத்தில் அவனைக் கைவிடவும் செய்வார்கள் என்கிறார்கள். வீட்டுக்குள் ஒரு தகப்பன் குட்டி சுல்தானாக நடந்தால் அங்கேயும் இதுவேதான் நடக்கும்.

அடி கற்றுக்கொடுக்கும் பாடம்

அந்த ஃபஸ்லில் அவர்கள் சொல்லும் கருத்தின் சாரம் இதுதான். சிறு பிள்ளையாகட்டும், அடிமையாகட்டும், வேலைக்காரராகட்டும், அடக்குமுறையில் வளர்க்கப்பட்டவரின் மனம் முதலில் சுருங்குகிறது. உற்சாகம் போய்விடுகிறது. அடுத்து சோம்பல் வருகிறது. அதற்கடுத்து பொய் வருகிறது. ஏன் பொய்? தன் மீது கை விழுந்துவிடுமோ என்ற பயத்தில், உள்ளத்தில் இருப்பதை மறைத்து, இல்லாததை வெளியே காட்டக் கற்றுக்கொள்கிறான். சூழ்ச்சியும் ஏமாற்றும் பழக்கமாகின்றன. பழக்கம் முற்றி குணமாகிவிடுகிறது.

இதோடு நிற்கவில்லை. தன்னையும் தன் வீட்டையும் காத்துக்கொள்ளும் ரோஷமே அவனிடம் செத்துவிடுகிறது, எல்லாவற்றுக்கும் அடுத்தவரைச் சார்ந்து நிற்பவனாகிவிடுகிறான், நற்குணங்களைத் தேடிப் போகும் ஆசையும் அற்றுப்போகிறது என்கிறார்கள். ஆகவே ஆசிரியர் மாணவனிடமும், தகப்பன் பிள்ளையிடமும் அடக்குமுறை செய்யக் கூடாது என்று முடிவு சொல்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். பொய் சொன்னதற்காகப் பிள்ளையை அடிக்கிறோம். ஆனால் அந்தப் பொய்யைக் கற்றுக்கொடுத்தது போன வாரம் நாம் அடித்த அடி. வாப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்றுபோகும் வீட்டில், பிள்ளை மரியாதை கற்கவில்லை, நடிக்கக் கற்கிறது.

மனைவிமார்கள் விஷயத்திலும் இதைப் பொருத்திப் பாருங்கள். கை நீட்டும் கணவனிடம் மனைவி உண்மையைச் சொல்வாளா? வீட்டில் நடப்பதை மறைப்பாள். அக்கம்பக்கத்தார் கேட்டால் கதவில் இடித்துக்கொண்டேன் என்பாள். அதைப் பார்த்து நிற்கும் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு பாடம் நடக்கிறது: பலமுள்ளவன் அடிக்கலாம், பலமில்லாதவர் பொய் சொல்லித் தப்பிக்கலாம். எதிலும் மார்க்கம் இல்லை.

ஓதாதது யாருடைய குற்றம்?

முகத்திமாவின் இன்னொரு ஃபஸ்லில் பாடம் நடத்தும் முறையைப் பேசுகிறார்கள். தொடக்க மாணவனிடம் கடினமான மஸ்அலாக்களைக் கொண்டுபோய்க் கொட்டினால் அவன் புத்தி களைத்துவிடும். இல்மே கஷ்டம் என்று நினைத்து விலகிப்போவான். இதற்குக் காரணம் கற்பித்த முறையின் கோளாறு என்கிறார்கள். சிறிது சிறிதாக, மீண்டும் மீண்டும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களின் வழி. அப்படியானால், சபக் வரவில்லை என்று விழும் அடிகளில் எத்தனை, உண்மையில் கற்பித்தவரின் குறைக்காகப் பிள்ளை வாங்கும் அடி?

சரி, தொழுகைக்காகப் பத்து வயதில் அடிக்கலாம் என்று ஹதீஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஏழு வயதிலிருந்து ஏவச் சொன்னதும் அதே ஹதீஸ்தான். நடுவில் மூன்று ஆண்டுகள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தோமா? முகத்தில் அடிக்கக் கூடாது, காயப்படுத்தக் கூடாது என்று ஃபுகஹாக்கள் நிபந்தனைகள் வைத்தார்கள். இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களும் அடியே கூடாது என்று சொல்லவில்லை. தேவைப்பட்டாலும் மூன்றுக்கு மேல் போகக் கூடாது என்ற மாலிகி இமாம் இப்னு அபீ ஸைத் (ரஹ்) அவர்களின் வரம்பை எடுத்துச் சொன்னார்கள். பெல்ட்டுக்கும் சூட்டுக்கோலுக்கும் எந்தக் கிதாபிலும் இடமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக நம் நாயகம் (ஸல்) அவர்களைப் பாருங்கள். அனஸ் (ரழி) சிறுவராக வந்து பத்து ஆண்டுகள் பணிவிடை செய்தார்கள். அந்தப் பத்து ஆண்டுகளில் ஒரு முறை கூட சீ என்று சொல்லப்படவில்லை என்பது அவர்களே அளித்த சாட்சி. ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் எந்த வேலைக்காரரையும் தன் கையால் அடித்ததில்லை என்பது அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் சாட்சி.

மென்மையான மனிதரா?

இவ்வளவும் எழுதியவர் இளகிய மனம் படைத்தவர் என்று நினைக்காதீர்கள். கெய்ரோவுக்குப் போய் அல்அஸ்ஹரில் பாடம் நடத்தினார்கள். 1384-இல் சுல்தான் பர்கூக் அவர்களை மாலிகி தலைமைக் காழியாக நியமித்தார். பொய்ச் சாட்சி சொல்வதையே பிழைப்பாக்கியவர்களை விடாமல் பிடித்துத் தண்டித்தார்கள். குற்றவாளிகளின் பிடரியில் அடிக்கச் சொல்வார்கள் என்று எகிப்திய வரலாற்று ஆசிரியர்கள் குறையாகவே எழுதியிருக்கிறார்கள். பெரிய மனிதர்களின் பரிந்துரைக்கு வளையாததால் பகை வளர்ந்தது, பதவி போனது. பிறகு பலமுறை அந்தப் பதவி திரும்ப வந்தது, போனது. குற்றம் செய்த பெரியவரிடம் இத்தனை கடுமை காட்டியவர்தான், பிள்ளையிடம் கடுமை காட்டாதே என்றார். இரக்கத்தினால் மட்டும் சொன்னதல்ல, விளைவை அறிந்து சொன்னது.

அதே 1384-இல் இன்னொரு சோதனை. தூனிஸில் தடுத்து வைக்கப்பட்டிருந்த மனைவி, மக்களை சுல்தான் பர்கூக் பேசி வரவழைத்தார். அவர்கள் வந்த கப்பல் அலெக்சாந்திரியாவை நெருங்கும் நேரத்தில் புயலில் மூழ்கியது. கோட்டையில் கூடவே இருந்த குடும்பத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. பதவியில் மனம் செல்லவில்லை. சில ஆண்டுகளில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள்.

சகோதரர்களே! பிள்ளைகள் நம் கையில் அமானிதம். எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. வாழும் நாளில் அடியையும் திட்டையும் கொடுத்துவிட்டு, பிறகு பாசத்தைக் கொடுக்கலாம் என்று வைத்திருக்க நாம் யார்?

தைமூருக்கு முன்னால்

1401-ஆம் ஆண்டு. டமாஸ்கஸை தைமூரின் படை சூழ்ந்து நிற்கிறது. எழுபது வயதை எட்டிய இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் கயிறு கட்டி மதில் வழியாக இறக்கப்பட்டு தைமூரைச் சந்திக்கப் போனார்கள். காழி ஸத்ருத்தீன் முனாவீ சிறைபிடிக்கப்பட்டது அவர்கள் நினைவில் இருந்தது. பயம் தன்னைப் பிடித்துக்கொண்டதாகவும், தைமூருக்குப் பிடித்த பேச்சை மனதுக்குள் தயார் செய்து பேசியதாகவும் அவர்களே ஒளிக்காமல் எழுதி வைத்துள்ளார்கள். உயிர் தப்பித் திரும்பினார்கள். ஹிஜ்ரி 808, ரமலான் மாதத்தில், 1406-இல், கெய்ரோவில் வஃபாத்தானார்கள். ஸூஃபியாக்களின் மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

முகத்திமா எழுதிய அறிஞருக்கே, பயத்துக்கு முன்னால் நாவு வளைந்தது. அப்படியென்றால் பிரம்புக்கு முன்னால் நிற்கும் ஏழு வயதுப் பிள்ளையிடம் என்ன எதிர்பார்க்கிறோம்? நம் வீட்டில் நாம் அத்தாவாக இருக்கிறோமா, தைமூராக இருக்கிறோமா?

இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும் ஒரு காரியம் செய்வோம். நான்தான் உடைத்தேன், நான்தான் எடுத்தேன் என்று உண்மையை ஒப்புக்கொள்ளும் பிள்ளையின் மீது இனி கை ஓங்குவதில்லை என்று நிய்யத் வைப்போம். கோபம் வந்தால் உட்காருவோம், ஒளூ செய்வோம், அந்த இடத்தை விட்டு நகருவோம். மக்தபுக்கு அனுப்பும்போது தோலை உரியுங்கள் என்று சொல்லாமல், என் பிள்ளைக்கு எது வரவில்லை என்று சொல்லுங்கள், வீட்டில் நாங்களும் உட்கார்ந்து ஓதிப் பார்க்கிறோம் என்று உஸ்தாதிடம் சொல்வோம். பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணோ பிள்ளையோ அடி வாங்கி அலறும் சத்தம் கேட்டால், அது அவர்கள் வீட்டு விஷயம் என்று ஜன்னலைச் சாத்தாமல், ஜமாஅத்தின் காதுக்காவது கொண்டு வருவோம். உயிருக்கு ஆபத்து என்றால் காவல்துறைக்கும் சொல்வோம். அநியாயத்தைத் தடுப்பது குடும்பத்தைக் கெடுப்பதல்ல.

அல்லாஹ் நம் வீடுகளைப் பயத்தின் வீடுகளாக ஆக்காமல் ரஹ்மத்தின் வீடுகளாக ஆக்குவானாக! நம் பிள்ளைகளை உண்மை பேசும் பிள்ளைகளாகவும், நம்மை அவர்கள் உண்மையைச் சொல்லத் தகுந்த பெற்றோர்களாகவும் ஆக்குவானாக! இமாம் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.