அச்சத்தை ஆராய்ந்த மதனப்பள்ளிக்காரர்

காளஹஸ்தி கோயிலுக்கு நாள்தோறும் வந்து இறங்கும் பஸ்களில் பல தமிழ்நாட்டிலிருந்து வருபவை. ராகு-கேது பூஜைக்கு வரிசையில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்தாலே போதும். மகளுக்கு வரன் அமையுமா, வேலை நிலைக்குமா, உடம்புக்கு வந்தது தீருமா என்ற கவலை எழுதி ஒட்டியிருக்கும்.

நாளையை நினைத்து மனிதன் ஏன் அஞ்சுகிறான்? இந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அறுபது ஆண்டுகள் உலகைச் சுற்றியவர் இந்தப் பக்கத்துக்காரரே. ஜித்து கிருஷ்ணமூர்த்தி பிறந்தது மதனப்பள்ளியில். 1911 முதல், 2022-ல் மாவட்டங்கள் பிரிக்கப்படும் வரை, காளஹஸ்தியும் மதனப்பள்ளியும் ஒரே சித்தூர் மாவட்டம்தான்.

மக்கு என்று பெயர்

1895-ம் ஆண்டு மே மாதம், தெலுங்கு பிராமணக் குடும்பம் ஒன்றில் எட்டாவது பிள்ளையாகப் பிறந்தார். எட்டாவது பிள்ளை ஆனதால் கிருஷ்ணனின் பெயர். தந்தை நாராயணய்யா வருவாய்த் துறை அதிகாரி. சம்பளம் பெரிதல்ல; குடும்பம் பெரிது. சிறு வயதிலேயே மலேரியா கண்டு, பையன் நோஞ்சானாக வளர்ந்தான்.

பத்து வயதில் தாய் சஞ்சீவம்மா இறந்து போனார். இறந்த தாயை வீட்டில் பலமுறை கண்டதாகப் பின்னாளில் கிருஷ்ணமூர்த்தியே எழுதி வைத்தார். தாயில்லாப் பிள்ளையின் ஏக்கம் எத்தனை ஆழமானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பள்ளியில் பாடம் ஏறவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கொண்டு நிற்பான். வாத்தியாரிடம் பிரம்படி வாங்குவான். ஆனால் ஒரு கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு, மீண்டும் பூட்டி முடிக்கும் வரை சாப்பிட மறுத்த பிடிவாதமும் அவனிடம் இருந்தது. இதை மக்கு என்று சொன்னவர்கள் கவனிக்கவில்லை.

அடையாற்றுக் கடற்கரை

தந்தை பிரம்மஞான சபை உறுப்பினர். ஓய்வு பெற்ற பின் 1909 ஜனவரியில் பிள்ளைகளோடு சென்னை அடையாறுக்குக் குடிவந்தார். பையன்கள் மயிலாப்பூர் பள்ளிக்கு நடந்தே போய் வந்தார்கள்.

அந்த ஆண்டே கடற்கரையில் அவனைப் பார்த்தார் சபையின் பிரமுகர் லெட்பீட்டர். விலா எலும்பு தெரியும் அந்தப் பையனே வரப்போகும் உலக ஆசான் என்று அறிவித்தார். அன்னி பெசன்ட் அம்மையார் அதை ஏற்று, அவனையும் தம்பி நித்யானந்தனையும் தம் பொறுப்பில் எடுத்துக் கொண்டார். 1911-ல் ‘கிழக்கின் நட்சத்திரம்’ என்ற அமைப்பு அவனுக்காகவே தோன்றியது. பதினாறு வயதில் அவன் ஒரு ஸ்தாபனத்தின் தலைவன்!

பெற்ற தந்தைக்கு மனம் மாறியது. லெட்பீட்டரின் போக்கு பிடிக்காமல், பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு 1912-ல் வழக்குத் தொடுத்தார். அவருக்காக வாதாடியவர் சி.பி.ராமசாமி அய்யர், அம்மையார் தமக்குத் தாமே வாதாடினார். சென்னை உயர் நீதிமன்றத்தில் தந்தைக்கு வெற்றி. 1914-ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் அம்மையாருக்கு வெற்றி. இதற்குள் பிள்ளைகள் இங்கிலாந்தில் இருந்தார்கள். கிருஷ்ணமூர்த்தி லண்டன் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் ஒரு முறையல்ல, பல முறை தோற்றார். உலக ஆசானுக்குக் கணக்கு வரவில்லை.

கப்பலில் வந்த தந்தி

தம்பி நித்யாவுக்குக் காசநோய். அவர் பிழைப்பார், அவர் தேவைப்படுகிறார் என்று சபைப் பெரியவர்கள் உறுதி கூறியிருந்தார்கள். அதை நம்பி 1925 நவம்பரில் தம்பியை அமெரிக்காவில் ஓஹாயில் விட்டுவிட்டு, கிருஷ்ணமூர்த்தி இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். சூயஸ் கால்வாய் அருகே வரும்போது தந்தி வந்தது. 13-ம் தேதி தம்பி இறந்துவிட்டார்.

இரவெல்லாம் கேபினில் தம்பி பெயரைச் சொல்லி அழுதார். சிறு வயதிலேயே ஊரை விட்டுப் போனதால் தெலுங்கு அவருக்கு அடியோடு மறந்து போயிருந்தது. பகலில் ஒரு வார்த்தை வராது. தூக்கத்தில் புலம்பியபோது தெலுங்கு வந்தது. பிழைப்புக்காக வேற்று மொழி பேசும் ஊரில் வாழ்கிறவர்களுக்கு இது விளங்கும்.

கொழும்பு வந்து சேர்ந்தபோது அவர் அமைதியாகியிருந்தார். துக்கத்துக்கு ஆறுதல் தேடாமல் அதை முழுக்கப் பார்த்துவிட்டதாக அவர் கருதினார். அவருடைய பிற்காலச் சிந்தனை முழுவதற்கும் விதை இந்தக் கப்பலில்தான் விழுந்தது எனலாம். பெரியவர்கள் கொடுத்த வாக்கு பொய்த்ததும் அங்கேதான்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1929 ஆகஸ்ட் 3-ம் தேதி, ஹாலந்தில் ஓமன் என்ற ஊரில், சுமார் 3,000 பேர் முன்னிலையில் தம் அமைப்பை அவரே கலைத்தார். காணிக்கையாக வந்த கோட்டையையும் நிலத்தையும் கொடுத்தவருக்கே திருப்பித் தந்தார். தமக்குச் சீடர் வேண்டாம், எவரும் குருவைத் தேட வேண்டாம் என்றார். கையில் வந்த பீடத்தை வேண்டாம் என்று சொன்னவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர்?

மனம் பற்றி அவர் கருத்து

வியன்னாவில் பிராய்டு, நோயாளியைப் படுக்க வைத்துப் பழைய நினைவுகளைத் தோண்டி எடுக்கும் முறையை வகுத்தார். கிருஷ்ணமூர்த்தி அதை ஏற்கவில்லை. தோண்டுகிற மனமும் தோண்டப்படுகிற மனமும் ஒன்றுதானே. பிறகு யார் யாரை ஆராய்வது என்பது அவர் வாதம்.

பாம்பைக் கண்டு துள்ளுவது உடம்பின் அறிவு, அது வேண்டியதுதான். ஆனால் இல்லாத பாம்பை நாளைக்குள் வைத்து இன்றைக்கு நடுங்குவது வேறு. ஊரில் தாய்க்கு உடம்பு சரியில்லை என்று போன் வருகிறது. அடுத்த ரயிலுக்குச் சீட்டு வாங்குவது செயல். ரயில் புறப்படும் வரை நூறு விதமாய்க் கற்பனை செய்து உருகுவதுதான் அவர் சொல்லும் மன அச்சம். நேற்றைய நினைவை எடுத்து நாளையின் மேல் வைக்கும் எண்ணமே அதன் தாய் என்றார்.

ஒப்பிடுவதையும் அவர் கடுமையாக எதிர்த்தார். பக்கத்து மேஜைக்காரருக்குப் பிரமோஷன் வந்தால் நம் சம்பளம் குறைந்துவிடுவதில்லை; ஆனாலும் அன்றிரவு தூக்கம் போகிறது. அண்ணனைப் போல் படி என்று தம்பியிடம் சொல்வதே ஒரு வன்முறை என்பது அவர் கருத்து. பிரம்படி பட்ட மாணவன் சொன்னது இது.

ஆகவே பள்ளிகள் அமைத்தார். மதனப்பள்ளியை அடுத்த பள்ளத்தாக்கில், பெரிய ஆலமரம் ஒன்றைக் கண்டு தேர்ந்த இடத்தில் ரிஷிவேலி பள்ளி உருவானது. பரிசும் தண்டனையும் காட்டிப் பிள்ளைகளை ஓட்டக்கூடாது என்பது அங்கே கொள்கை. கட்டணம் செலுத்தும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே அங்கு பெரும்பாலும் படித்தார்கள் என்ற குறை உண்டு. ஆனால் அப்பள்ளி சுற்றுக் கிராமங்களில் நடத்திய சிறு பள்ளிகளில், அட்டைகளைக் கொண்டு ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படிக்கும் முறை உருவானது. அதைப் பார்த்துத்தான் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் செயல்வழிக் கற்றலைத் தொடங்கின. பிறகு தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது.

விடை கிடைக்காத இடம்

1976-ல் நியூயார்க் மனநல மருத்துவர் டேவிட் ஷைன்பர்க், விஞ்ஞானி டேவிட் போம் இருவரும் இங்கிலாந்தில் அவருடன் அமர்ந்து நாள்கணக்கில் உரையாடினார்கள். போம் அவருக்கு மிக நெருங்கியவர். அந்தப் போமுக்கே முதுமையில் கடும் மனச்சோர்வு நோய் வந்து, 1991-ல் லண்டன் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற வேண்டியதாயிற்று. மனச்சோர்வு நோய்க்கு வைத்தியம் வேண்டும், தத்துவம் போதாது.

அவர் வாழ்க்கையிலும் நெருடல்கள் இருந்தன. பல்லாண்டு நண்பராய் இருந்து நிர்வாகத்தைக் கவனித்த ராஜகோபாலுடன் சொத்துக்காக வழக்கு நடந்து 1974-ல் சமரசத்தில் முடிந்தது. ராஜகோபாலின் மனைவியோடு கிருஷ்ணமூர்த்திக்கு நீண்டகால உறவு இருந்ததாக, அத்தம்பதியின் மகள் 1991-ல் எழுதிய நூல் கூறியது. உறவுகளைப் பற்றி ஓயாது பேசியவர் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதில்லை.

இன்ன முறையில் செய், அச்சம் போகும் என்று ஒரு வழியும் அவர் தரவில்லை. கேட்டவர்கள் பலருக்கு அதுவே ஏமாற்றம். மந்திரம் கொடுத்திருந்தால் கூட்டம் இன்னும் கூடியிருக்கும்.

1985 கடைசியில் ரிஷிவேலிக்கு வந்து சென்றார். 1986 ஜனவரி 4-ம் தேதி சென்னை வசந்த விஹாரில் கடைசிச் சொற்பொழிவு. உடம்பு மெலிந்து போயிருந்தது, கணையத்தில் புற்றுநோய். 10-ம் தேதி, விமானம் ஏறும் முன், அடையாற்றுக் கடற்கரையில் உலாவப் போனார். 77 ஆண்டுகளுக்கு முன் லெட்பீட்டர் அவரைக் கண்ட அதே கடற்கரை. பிப்ரவரி 17-ம் தேதி, தம்பி இறந்த அதே ஓஹாயில், தமது 90-வது வயதில் காலமானார்.