பெற்றவருக்கும் வளர்த்தவருக்கும் இடையே: ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! திருக்குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட ஸஹாபி ஒரே ஒருவர்தான். அவர் ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்கள். ஒரு வீட்டில் பிறந்து வேறொரு வீட்டில் வளர்ந்தவர். அடுத்தவர் பிள்ளையை வளர்ப்பவர்களுக்கும், தம் பிள்ளையை வளர்க்கக் கொடுத்தவர்களுக்கும் அவர்களின் வாழ்க்கையில் பாடம் இருக்கிறது.

கல்பு கோத்திரத்து ஹாரிஸாவின் மகன் ஸைத். தாயார் தம் பிறந்த வீட்டாரைப் பார்க்க மகனை அழைத்துச் சென்றிருந்தபோது, கொள்ளைக் கூட்டம் ஒன்று அங்கே பாய்ந்தது. சுமார் 8 வயதுச் சிறுவரைப் பிடித்துச் சென்று உக்காழ் சந்தையில் அடிமையாக விற்றுவிட்டார்கள். ஹகீம் இப்னு ஹிஸாம் தம் அத்தை கதீஜா (ரலி) அவர்களுக்காக அவரை வாங்கினார். கதீஜா (ரலி) அவர்கள் திருமணத்துக்குப் பின் அவரை நபி (ஸல்) அவர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். நபித்துவத்துக்கு முந்தைய காலம் அது.

பெற்ற தந்தையின் நிலையை நினைத்துப் பாருங்கள். பிள்ளை இறந்துவிட்டால் அடக்கம் செய்துவிட்டு அழலாம். உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாத பிள்ளைக்காக எத்தனை காலம் அழுவது? ஹாரிஸா கவிதை பாடி அழுதார், ஊர் ஊராகத் தேடினார்.

ஒரு ஹஜ் காலத்தில் கல்பு கோத்திரத்தார் சிலர் மக்காவில் ஸைதைக் கண்டார்கள். தாம் நலமாக, கண்ணியமான ஒரு குடும்பத்தில் இருப்பதாக அவர்கள் மூலம் ஸைத் பெற்றோருக்குச் செய்தி அனுப்பினார். உடனே தந்தையும், பெரிய குடும்பத்தின் சார்பில் அவருடைய சகோதரர் கஅபும் மீட்புத் தொகையோடு மக்காவுக்கு விரைந்தார்கள்.

இங்கேதான் நாம் நின்று கவனிக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் பிள்ளையை மறைக்கவில்லை. இத்தனை காலம் வளர்த்த உரிமையைப் பேசவில்லை. ஸைதை அழைத்து, வந்திருப்பவர்கள் யார் எனத் தெரிகிறதா என்று கேட்டார்கள். தந்தையையும் தந்தையின் சகோதரரையும் ஸைத் அடையாளம் சொன்னார். அவர் அவர்களோடு போக விரும்பினால் ஒரு காசும் வாங்காமல் அனுப்பிவைப்பதாகவும், தம்மோடு இருக்க விரும்பினால் தாம் அவரைக் கைவிடப் போவதில்லை என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஸைத் நபி (ஸல்) அவர்களோடு இருப்பதையே தேர்ந்தெடுத்தார்.

தந்தை அதிர்ந்து போனார். சுதந்திரத்தையும் சொந்தக் குடும்பத்தையும் விட்டு அடிமை வாழ்வையா மகன் தேர்ந்தெடுப்பது! அந்த வேதனையை நபி (ஸல்) அவர்கள் அப்படியே விட்டுவிடவில்லை. ஸைதைக் கஅபாவின் அருகே ஹிஜ்ருக்கு அழைத்துச் சென்று, இவர் இனித் தம் மகன் என்று மக்கள் முன் அறிவித்தார்கள். மகன் அடிமையாக அல்ல, பிள்ளையாக வாழ்கிறான் என்ற மனநிறைவோடு ஹாரிஸா ஊர் திரும்பினார்.

அந்தக் கதவு அதோடு அடைக்கப்படவில்லை. பின்னொரு சமயம் ஸைதின் சகோதரர் ஜபலா வந்து, தம்பியைத் தம்மோடு அனுப்பக் கேட்டார். அவர் வர விரும்பினால் தாம் தடுக்கப் போவதில்லை என்பதே அப்போதும் நபி (ஸல்) அவர்களின் பதில். ஸைத் (ரலி) அவர்கள் போகவில்லை. தம் கருத்தைவிடத் தம்பியின் முடிவே சிறந்தது என்று ஜபலா பிறகு சொன்னார்.

மதீனாவில் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் இறங்கியது. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்கும்படி அல்லாஹ் கட்டளையிட்டான். அதுவரை ஸைத் இப்னு முஹம்மத் என்று அழைக்கப்பட்டவர் மீண்டும் ஸைத் இப்னு ஹாரிஸா ஆனார். பெயர் மாறியது, பாசம் குறைந்ததா? இல்லை. நபி (ஸல்) அவர்கள் அவரைத் தம் சகோதரர் என்றார்கள். படைகளுக்குத் தளபதியாக்கினார்கள். அவருடைய மகன் உஸாமாவையும் நேசித்தார்கள். ஹிஜ்ரி 8இல், இன்றைய ஜோர்தானில் உள்ள மூத்தாவில், 3000 பேர் கொண்ட படையின் முதல் தளபதியாக நின்று ஸைத் (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். அந்தச் செய்தியை மதீனாவில் அறிவித்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்கள் கண்ணீர் வடித்தன.

சகோதரர்களே! நம் குடும்பங்களிலும் பிள்ளையில்லாத சகோதரிக்குப் பிள்ளையைக் கொடுக்கிறோம், தந்தையை இழந்த பிள்ளையை எடுத்து வளர்க்கிறோம். பெரும் நன்மை அது. ஆனால் பெற்ற தாயைச் சாச்சி என்று சொல்லி வளர்ப்பதும், பிள்ளை போய்விடுமோ என்று பயந்து போக்குவரத்தைத் தடுப்பதும் நபிவழி அல்ல. மறைத்து வளர்த்தால் நிகாஹ் நாளில் வலீ யார் என்ற கேள்வி வரும், மஹ்ரம் உறவு குழம்பும். வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இல்லை. ஆனால் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத் எழுதி வைக்கலாம்.

பெற்றவர்களே! ஹாரிஸாவைப் பாருங்கள். மகனின் விருப்பத்தை மதித்துத் திரும்பினார். பிள்ளையின் மனதை இரண்டாகக் கிழிக்காதீர்கள். இன்று வர மறுக்கும் பிள்ளை நாளை வரலாம், வாசல் திறந்திருக்கட்டும்.

பெற்றவரின் உரிமையையும் வளர்த்தவரின் பாசத்தையும் பேணி வாழ அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.