கேட்காவில் ஓர் ஊர் கண்ட பண்டித ரமாபாய்

புனேயிலிருந்து சென்னைக்கு ரயிலேறும் நம்மவர், தவுண்ட் சந்திப்பை எட்டுமுன் கேட்காவ் என்னும் சிறிய நிலையத்தைக் கடந்து செல்கின்றனர். அங்கேதான் பண்டித ரமாபாய் அம்மையார், திக்கற்ற பெண்களுக்கென ஓர் ஊரையே உண்டாக்கினார்.

1858-ல் பிறந்த ரமாபாய்க்குத் தாயாரே சமஸ்கிருதம் கற்பித்தார். 1870-களின் பஞ்சத்தில் பெற்றோர் மாண்டனர். 1878-ல் கல்கத்தாப் பண்டிதர்கள் அவருடைய புலமையை வியந்து பட்டமளித்தனர். 1882-ல் கணவரை இழந்த அவர், கைக்குழந்தையுடன் புனே வந்து சேர்ந்தார். மறு ஆண்டு இங்கிலாந்து சென்று கிறிஸ்தவரானார்.

இளம் விதவைகளுக்குப் பள்ளி நடத்தப் பணம் வேண்டுமே! 1887-ல் பாஸ்டன் நகரில் அமைந்த சங்கம் பத்து ஆண்டுகளுக்கு உதவ முன்வந்தது. பள்ளியில் மதபோதனை கூடாது என்பது ஏற்பாடு. 1889-ல் பம்பாயில் தொடங்கிய சாரதா சதன், அடுத்த ஆண்டு புனேக்கு மாறியது. ரானடே, பண்டார்க்கர் போன்ற பெரியோர் ஆலோசனைக் குழுவில் இருந்தனர். ஆனால், அம்மையாரின் பிரார்த்தனையில் மாணவியர் சிலர் கலந்துகொண்டதால் ஊரில் எதிர்ப்பு எழுந்தது. 1893-ல் குழுவினர் விலகினர். பலர் தம் பெண்களை அழைத்துச் சென்றுவிட்டனர்.

பத்தாண்டுக் கெடு முடிந்தால் பள்ளி என்னாவது? சொந்த வருவாய் தேடி, கேட்காவில் நிலம் வாங்கிப் பழமரங்கள் நட்டார். 1896-97-ல் கொடும் பஞ்சம் வந்தது. மத்திய மாகாணத்துக்குச் சென்று, அநாதைச் சிறுமியர் பலரை அழைத்து வந்தார். பாஸ்டன் பணமோ உயர்சாதி விதவைகளுக்கானது. எனவே எல்லாச் சாதியினருக்கும் முக்தி சதன் தனியே எழுந்தது. அதற்கு நிலையான வருமானம் இல்லை. நன்கொடையை நம்பியே அடுப்பு எரிந்தது. கிணறு வெட்டினர்; பயிர் செய்தனர். நெசவும் செக்கும் அச்சகமும் பெண்கள் கையிலேயே நடந்தன. 1900-ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பின் அங்கு வாழ்ந்தோர் ஆயிரத்தைத் தாண்டினர்.

இவ்வளவு பெரிய நிர்வாகமும் ஒருவர் தோளில் நின்றதுதான் அதன் பலமும் பலவீனமும். துணையாய் நின்ற மகள் மனோரமா 1921-ல் மறைந்தார். 1922 ஏப்ரல் 5-ல் அம்மையாரும் கண் மூடினார். ஆயினும் முக்தி மூடப்படவில்லை, இன்றும் நடக்கிறது. கெடு வருமுன்னே மரம் நட்டவரின் முன்யோசனையை, அறநிலையம் நடத்துவோர் மறக்கலாகாது.