சிறை மீண்ட வ.உ.சி.க்கு வக்கீல் தொழில் மறுபடியும் கிடைத்தது எப்படி?

1912 டிசம்பர். கண்ணூர் சிறையிலிருந்து வ.உ.சிதம்பரனார் வெளியே வருகிறார். வயது 40. நாலு வருஷத்துக்கு முன் அவர் பேச்சைக் கேட்க ஆயிரக்கணக்கில் கூடிய கூட்டம் அன்று அங்கே இல்லை. சுப்பிரமணிய சிவா உள்பட சிலர் மட்டுமே காத்திருந்தார்கள். கப்பல் கம்பெனி 1911-லேயே மூடப்பட்டுவிட்டது. மனைவி மீனாட்சி, சின்னப் பிள்ளைகள் இருவர் என ஒரு குடும்பம் அவரை நம்பி இருந்தது. கையில் இருந்த ஒரே தொழில் வக்கீல் வேலை. அதையும் செய்ய முடியாது. ஏன்?

சன்னது பறிபோனது எதனால்?

நீதிமன்றத்தில் வாதாட அந்தக் காலத்தில் சன்னது என்ற அனுமதிப் பத்திரம் வேண்டும். ஒட்டப்பிடாரத்து வக்கீல் உலகநாதப் பிள்ளையின் மகனான வ.உ.சி., திருச்சியில் சட்டம் படித்துத் தேறி, 1895-ல் சொந்த ஊரிலேயே தொழிலைத் தொடங்கினார். பிறகு தூத்துக்குடிக்குப் போனார். ஏழைகளின் கிரிமினல் வழக்குகளில் பெயரெடுத்தார். வருமானமும் நன்றாகவே இருந்தது. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கும் துணிச்சல் வந்ததற்கு வக்கீலாக அவர் சம்பாதித்த மதிப்பும் ஒரு காரணம்.

1908-ல் கோரல் மில் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். அதே ஆண்டு மார்ச்சில் கைது. ராஜதுரோகப் பேச்சுக்கு 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு என்று நீதிபதி பின்ஹே தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆனால் தண்டனை பெற்றதால் சன்னது ரத்தானது. ஜெயில் தண்டனைக்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. சன்னது ரத்துக்கு அப்படி ஒரு தேதியே கிடையாது.

இத்தனைக்கும் சட்டத்தை அவர் மறந்துவிடவில்லை. கோவைச் சிறையில் செக்கு இழுத்த காலத்திலும், சட்ட நுணுக்கங்களை எடுத்துவைத்து மனு மேல் மனு அனுப்பியவர் அவர்.

சென்னையில் என்ன வேலை பார்த்தார்?

திருநெல்வேலி ஜில்லாவுக்குத் திரும்ப அனுமதி இல்லாததால் குடும்பத்தோடு சென்னைக்கு வந்தார். கிடைத்த வேலையையெல்லாம் செய்தார். அரிசி, நெய், மண்ணெண்ணெய் வியாபாரம் பார்த்தார். எதுவும் கைகொடுக்கவில்லை. சும்மாவும் இருக்கவில்லை. மெய்யறம், மெய்யறிவு ஆகிய நூல்களை அச்சிட்டது இந்த ஆண்டுகளில்தான்.

தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. 1915-ல் அது பற்றிக் கடிதங்கள் போய்வந்தன. நல்ல நிலையில் இருந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். அன்றைய நிலையில் மறுக்க முடியவில்லை. கடைசியில் 1916 தொடக்கத்தில் வந்து சேர்ந்தது 347 ரூபாய் 12 அணா. கப்பல் கம்பெனிக்கு 10 லட்சம் ரூபாய் மூலதனம் திட்டமிட்டவர், மாதக்கணக்கில் காத்திருந்தது இந்தத் தொகைக்கு.

வக்கீல்கள் கோர்ட்டை விட்ட நேரம்

1920-ல் காந்தியின் ஒத்துழையாமைத் திட்டம் வந்தது. வக்கீல்கள் நீதிமன்றங்களைப் புறக்கணிக்க வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. நாடு முழுவதும் பெரிய பெரிய வக்கீல்கள் தொழிலை விட்டார்கள். வ.உ.சி.க்கோ விடுவதற்குத் தொழிலே இல்லை; அதை ஆங்கில அரசு முன்பே பிடுங்கிவிட்டது. அந்தத் திட்டத்தை அவர் கொள்கை அளவிலேயே ஏற்கவில்லை. காங்கிரஸிலிருந்து விலகினார்.

அதன்பின் கோவையில் ஒரு வங்கியில் மேலாளர் வேலை. அந்த வருமானம் குடும்பத்துக்குப் போதவில்லை. மறுபடியும் வக்கீலாக அனுமதி கேட்டு மனு போட்டார்.

யார் அந்த வாலஸ்?

கைகொடுத்தவர் ஓர் ஆங்கிலேயர். பெயர் ஈ.எச்.வாலஸ். முன்பு திருநெல்வேலியில் பணியாற்றியவர், வ.உ.சி.யை அங்கேயே அறிந்தவர். பிற்பாடு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். அவர் முயற்சியால் சன்னது திரும்பக் கிடைத்தது. தொழிலை இழந்து பத்தாண்டுகளுக்கும் மேல் ஓடிவிட்டிருந்தது.

வ.உ.சி. அந்த நன்றியை மறக்கவில்லை. தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பேர் வைத்தார். ஆங்கிலேயக் கம்பெனியைக் கடலில் எதிர்த்தவர் வீட்டில் ஓர் ஆங்கிலேய நீதிபதியின் பெயர்! அவர் எதிர்த்தது ஆட்சியைத்தான், தனி மனிதர்களை அல்ல என்பது இதிலிருந்து புரியும்.

பழைய நிலை திரும்பியதா?

சன்னது திரும்பியது, பழைய வருமானம் திரும்பவில்லை. கோவில்பட்டியில் மறுபடி தொழிலைத் தொடங்கியபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் கட்சிக்காரர்கள் வேறு வக்கீல்களிடம் போய்விட்டார்கள். ஏழைகளிடம் கறாராக ஃபீஸ் வாங்கும் பழக்கமும் அவருக்குக் கிடையாது. கடன் ஏறிக்கொண்டே போனது. சட்டப் புத்தகங்களையே விற்று வீட்டுச் செலவைப் பார்த்ததாகச் சொல்வார்கள்.

1932-ல் தூத்துக்குடிக்கே திரும்பினார். 1936-ல் எழுதிய உயிலில், யார் யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி என்று கணக்கு எழுதி வைத்தார். அதே ஆண்டு நவம்பர் 18-ம் தேதி, அவர் விருப்பப்படியே தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது.

வ.உ.சி. என்றதும் கப்பலும் செக்கும் நினைவுக்கு வரும். இரண்டும் சேர்ந்து ஏழு ஆண்டுகளுக்குள் முடிந்த கதை. அதற்குப் பிறகு அவர் 24 ஆண்டுகள் வாழ்ந்தார். அதில் பாதிக்கு மேல், பறிபோன ஒரு தொழிலைத் திரும்பப் பிடிக்கவும், பிடித்ததைக் காப்பாற்றவுமே போயிற்று. நாட்டுக்காக அவர் இழந்தது என்ன என்று கணக்குப் பார்த்தால், ஜெயில் வருஷங்களோடு இந்த வருஷங்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.