இரட்சணிய சேனையை நிறுவிய வில்லியம் பூத்



சீருடை தரித்து, வாத்தியம் முழங்க, வீதியோரத்தில் நின்று பாடும் இரட்சணிய சேனையாரை நீங்கள் கண்டிருக்கலாம். 1883ஆம் ஆண்டிலேயே நம் நாட்டுக்கு வந்துவிட்ட சேனை அது. அதை நிறுவியவரின் வாழ்க்கையைச் சற்று அறிந்துகொள்ளுங்கள்.

வில்லியம் பூத் 1829ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் திகதி இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் பிறந்தார். குடும்பம் வறுமையுற்றமையால் 13ஆவது வயதிலேயே அடகுக் கடையொன்றில் தொழில் பழகச் சென்றார். ஏழைகள் படும் பாட்டை அங்கே நேரிற் கண்டார். பின்னர் மெதடிஸ்த போதகரானார். 1855இல் கத்தரின் மம்ஃபோட் என்னும் பெண்மணியை மணந்தார். ஊர் ஊராகச் சென்று போதிக்கச் சபை இடங்கொடாதபடியால் 1861இல் அதிலிருந்து விலகினார்.

1865இல் கிழக்கு இலண்டனின் வைற்சப்பல் பகுதியில் தெருவில் நின்று போதிக்கத் தொடங்கினார். கோவில் வாசலை மிதிக்கக் கூசிய குடிகாரரையும் ஏழைகளையும் தேடி அவரே சென்றார். 1878இல் அவருடைய இயக்கம் இரட்சணிய சேனை என்னும் பெயரைப் பெற்றது. ஆண்களும் பெண்களும் கொடி பிடித்து, மேளம் கொட்டி ஊர்வலமாகப் போனார்கள்.

குடியை விடும்படி போதித்தால் தவறணைக்காரர் சும்மா இருப்பார்களா? அவர்களுடைய ஆதரவுடன் எலும்புக்கூட்டுச் சேனை என்றொரு முரட்டுக் கூட்டம் பல ஊர்களிலும் கிளம்பியது. சேறும், கல்லும், அழுகிய முட்டையும் ஊர்வலத்தார் மீது வீசப்பட்டன. பெண்களும் அடிபட்டனர்.

வியப்பு என்னவெனில், பல இடங்களில் மறியலுக்குப் போனவர்கள் அடித்தவர்கள் அல்லர், அடிபட்டவர்களே! 1882இல் வெஸ்ரன்-சுப்பர்-மெயர் என்னும் கடலோர ஊரில் ஊர்வலம் போகக்கூடாதென நீதவான்கள் அறிவித்தல் விடுத்தனர். அதை மீறி ஊர்வலத்தை நடத்திச் சென்ற பீற்றி என்பவரையும் தோழர்களையும் பொலிசார் கைது செய்தனர். அமைதி காப்பதாகப் பிணை கொடுக்கும்படி நீதவான்கள் கட்டளையிட்டனர். வழக்கு மேல்நீதிமன்றத்துக்குப் போயிற்று. பிறர் சட்டத்தை மீறித் தாக்கவருவார்கள் என்பதற்காக, சட்டப்படி கூடுகிறவர்களின் கூட்டம் சட்டவிரோதமாகிவிடாது என்று நீதியரசர்கள் தீர்ப்பளித்தனர். பின்வந்த வழக்குகளில் இவ்விதிக்கு எல்லைகளும் வகுக்கப்பட்டன. ஆயினும் சட்டம் படிப்போர் இன்றும் இத்தீர்ப்பைக் கற்கின்றனர்.

தொல்லை அத்துடன் தீரவில்லை. ஈஸ்ற்போண் நகரில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாத்தியத்துடன் ஊர்வலம் போவதை 1885ஆம் ஆண்டின் சட்டமொன்று தடுத்தது. 1891இல் அங்கே பெருங்கலகம் மூண்டது. சேனையார் பலர் சிறை சென்றனர். 1892இல் பாராளுமன்றம் அத்தடையை நீக்கியது.

பூத் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். அவருடைய சேனையில் திருவருட்சாதனங்களும் இல்லை. எனினும் 1890இல் ஏழைகளின் மீட்புக்காக அவர் வகுத்த திட்டத்தைக் கர்தினால் மன்னிங் ஆண்டகை ஆதரித்தார். அவ்வாண்டிலேயே பூத்தின் மனைவி கத்தரின் புற்றுநோயால் இறந்தார். துக்கத்திலும் அவர் பணியை நிறுத்தவில்லை. 1891இல் தீப்பெட்டித் தொழிற்சாலையொன்றைத் திறந்து, தொழிலாளரின் தாடை எலும்பை அரித்த வெண் பொசுபரசைத் தவிர்த்து, கூடுதற் கூலியும் கொடுத்தார்.

ஒருகாலத்தில் கல்லெறி பட்டவரை 1904இல் ஏழாம் எட்வேர்ட் மன்னர் மாளிகைக்கு அழைத்து வரவேற்றார். 1912ஆம் ஆண்டு ஓகஸ்ற் 20ஆம் திகதி, கண்பார்வை இழந்த நிலையில், 83ஆவது வயதில் அவர் காலமானார்.

வாசகர்களே, உங்கள் ஊரிலும் வேறொரு கூட்டத்தார் வீதியில் நின்று போதிக்கக்கூடும். அவர்களுடைய போதனையை நீங்கள் ஏற்கவேண்டியதில்லை. அவர்களும் நோயாளியின் உறக்கத்தையும் அயலவரின் வழிபாட்டையும் மதிக்கவேண்டும். ஆனால் ஒருவன் கல்லெடுக்கும்போது, அமைதியின் பெயரால் அடிபடுகிறவனை வாய்மூடச் சொல்லாதீர்கள். கல்லெடுத்தவனின் கையைப் பிடியுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுங்கள்.