கன்பூசியஸ்

கன்பூசியஸ் (கி.மு. 551 – கி.மு. 479) பண்டைச் சீனாவில் வாழ்ந்த புகழ் பெற்ற மெய்யியலாளரும் ஆசிரியரும் ஆவார். இவரது கருத்துக்களிலிருந்து வளர்ந்த கன்பூசியம், தாவோயியம், பௌத்தம் ஆகிய மூன்றும் சீனப் பண்பாட்டின் மூன்று பெரும் நெறிகளாகக் கொள்ளப்படுகின்றன. கொரியா, ஜப்பான், வியட்நாம் ஆகிய நாடுகளின் கல்வி, அரசியல், குடும்ப வாழ்வு ஆகியவற்றின் மீதும் கன்பூசியம் ஆழமான செல்வாக்குச் செலுத்தியுள்ளது. உயர் பதவி பெற்றுத் தமது கருத்துக்களை ஆட்சியில் செயற்படுத்த வேண்டும் என்பதே கன்பூசியசின் விருப்பமாக இருந்தது. அதில் அவர் வெற்றி பெறவில்லை. அவர் உருவாக்கிய மாணவர்கள் வழியாகவே அவரது பெயர் நிலைத்தது.

பெயர்

இவரது குடும்பப் பெயர் கொங்; இயற்பெயர் ச்சியூ. சீன மரபில் பெரியோரை இயற்பெயரால் அழைப்பதில்லை என்பதால், மாணவர்கள் இவரைக் கொங் ஆசான் என்னும் பொருள்படக் கொங் சீ என்று அழைத்தனர். கொங் ஃபூ சீ என்பது இதன் மற்றொரு வடிவம். சீனாவுக்குச் சென்ற இயேசு சபைக் குருமார் இதை இலத்தீன் மொழிக்கு ஏற்பக் கன்பூசியஸ் என மாற்றினர். இப்பெயரே ஐரோப்பிய மொழிகள் வழியாகத் தமிழுக்கும் வந்தது.

வரலாற்றுப் பின்னணி

கன்பூசியஸ் பிறந்த காலத்தில் சீனா பெயரளவில் சௌ அரசமரபின் கீழ் இருந்தது. கி.மு. 771 இல் மேற்குத் தலைநகர் வீழ்ந்தபின் சௌ மன்னர்கள் கிழக்கே லுவோயாங் பகுதிக்கு இடம் பெயர்ந்தனர். அதன்பின் உண்மையான அதிகாரம் சிற்றரசர்களின் கைக்குச் சென்றது. இச்சிற்றரசர்கள் தமக்குள் இடைவிடாது போரிட்டு வந்தனர். பல நாடுகளில் சிற்றரசர்களின் அதிகாரத்தையும் அவர்களுக்குக் கீழிருந்த பிரபுக் குடும்பங்கள் கைப்பற்றிக் கொண்டன. கன்பூசியசின் லூ நாட்டில் ஜி, மெங், ஷூ என்னும் மூன்று குடும்பங்கள் ஆட்சியைப் பங்கிட்டுக் கொண்டிருந்தன. உரிமையற்றோர் அரச சடங்குகளைத் தாமே நடத்துவதும், பதவிக்குரிய கடமையைச் செய்யாமல் பதவியை மட்டும் அனுபவிப்பதும் அக்காலத்தில் வழமையாயின. இச்சீர்குலைவுக்குத் தீர்வு காணும் முயற்சியாகவே கன்பூசியசின் சிந்தனை தோன்றியது.

இளமைக்காலம்

கன்பூசியஸ் இன்றைய சான்டோங் மாகாணத்திலுள்ள ச்சூஃபூ நகருக்கு அருகில் பிறந்தார். தந்தை போர்வீரர், கன்பூசியசுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே காலமானார். தாய் யான் சங்சாய் வறுமையில் மகனை வளர்த்தார். கன்பூசியஸ், பிரபுக்களுக்கும் உழவர்களுக்கும் இடைப்பட்ட ஷி என்னும் வகுப்பைச் சேர்ந்தவர். இவ்வகுப்பினருக்கு நிலவுடைமை குறைவு. போர்த்திறனோ கல்வியோதான் அவர்களுக்குப் பிழைப்பு. இளம் வயதில் இவர் தானியக் களஞ்சியக் கணக்கராகவும், கால்நடைகளைப் பராமரிக்கும் பணியிலும் இருந்தார். 19 வயதில் திருமணம் செய்து கொண்டதாகக் கூறப்படுகின்றது. இவருக்குக் கொங் லி என்னும் மகனும் ஒரு மகளும் இருந்தனர்.

ஆசிரியர் பணி

அக்காலத்தில் சடங்கு, இசை, வில்வித்தை, தேரோட்டல், எழுத்து, கணக்கு ஆகிய ஆறு கலைகளும் பெரும்பாலும் உயர்குடிப் பிள்ளைகளுக்கே கற்பிக்கப்பட்டன. கன்பூசியஸ் பிறப்பைப் பாராமல் மாணவர்களை ஏற்றுக் கொண்டார். ஒரு கட்டு உலர்ந்த இறைச்சியைக் காணிக்கையாகக் கொண்டு வந்தவருக்கும் அவர் கற்பிக்க மறுத்ததில்லை. அவரது மாணவர்களுள் யான் ஹுய் ஒடுங்கிய சந்தொன்றில் வாழ்ந்த வறியவர். சீகொங் செல்வ வணிகர். சீலூ முரட்டு வீரர். சிறைப்பட்டிருந்த கொங்யே சாங் என்பவரைக் குற்றமற்றவர் எனக் கருதிய கன்பூசியஸ், தமது மகளையே அவருக்கு மணம் செய்து கொடுத்தார். மாணவர் தொகை 3,000 என மரபு கூறினும் அது மிகைப்பட்ட எண் என்றே ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அவர்களுள் பெண்கள் எவரும் குறிப்பிடப்படவில்லை.

அரசுப் பணி

கி.மு. 517 இல் லூ நாட்டு மன்னர், ஜி குடும்பத்துடன் ஏற்பட்ட மோதலில் தோற்று அண்டை நாடான ச்சிக்குத் தப்பியோடினார். கன்பூசியசும் ச்சி நாட்டுக்குச் சென்றார். ஆனால் அங்கு அவருக்குப் பதவி கிடைக்கவில்லை. கி.மு. 501 அளவில், ஐம்பது வயதில், லூ நாட்டில் ஓர் ஊரின் நிர்வாகியானார். பின்னர் நீதித்துறை அமைச்சராக உயர்ந்தார்.

இக்காலத்தில் மூன்று குடும்பங்களின் வலிமையைக் குறைப்பதற்காக அவர்களது கோட்டை நகரங்களின் மதில்களை இடிக்கும் திட்டம் கி.மு. 498 இல் மேற்கொள்ளப்பட்டது. அப்போது ஜி குடும்பத்தில் பணியாற்றிய சீலூ இதில் முன்னின்றார். இரண்டு கோட்டைகள் இடிக்கப்பட்டன. மெங் குடும்பத்தின் கோட்டையை மட்டும் இடிக்க இயலவில்லை. மன்னர் படையுடன் முற்றுகையிட்டும் பயனில்லாமல் திரும்பினார். திட்டம் தோல்வியடைந்தபின் கன்பூசியசின் செல்வாக்குச் சரிந்தது. கி.மு. 497 இல் அவர் லூ நாட்டை விட்டு வெளியேறினார். ச்சி நாடு அனுப்பிய ஆடல் மகளிரைக் கண்டு ஆட்சியாளர்கள் மூன்று நாட்கள் அரசவைப் பணியை மறந்ததனாலேயே அவர் பதவி துறந்தார் என்பது மரபுவழிக் கதை.

நாடு சுற்றிய காலம்

அடுத்த ஏறத்தாழ 14 ஆண்டுகள் கன்பூசியஸ் தம் மாணவர்களுடன் வெய், சொங், சென் முதலிய நாடுகளில் சுற்றினார். ஆட்சியாளர்கள் அவரை மதிப்புடன் வரவேற்றனர். ஆயினும் எவரும் ஆட்சிப் பொறுப்பை அளிக்கவில்லை. குவாங் என்னும் ஊரில், தமக்குக் கொடுமை செய்த வேறொருவர் எனத் தவறாக எண்ணி மக்கள் அவரைச் சூழ்ந்து கொண்டனர். சொங் நாட்டில் படை அதிகாரி ஒருவர் அவரைக் கொல்ல முயன்றார். சென், சாய் நாடுகளுக்கு இடையில் உணவு தீர்ந்து மாணவர்கள் எழ முடியாமல் நோயுற்றனர். அப்போதும் கன்பூசியஸ் பாடம் கூறுவதையும் இசை மீட்டுவதையும் நிறுத்தவில்லை என வரலாற்றாசிரியர் சிமா சியேன் எழுதியுள்ளார்.

லாவோ சீயுடனான சந்திப்பு

கன்பூசியஸ் சௌ தலைநகருக்குச் சென்று, தாவோயியத்தின் மூலவராகக் கருதப்படும் லாவோ சீயைச் சந்தித்து அறிவுரை பெற்றார் என்றொரு கதை உண்டு. இக்கதை தாவோயிய நூலான சுவாங் சீயிலும் சிமா சியேனின் நூலிலும் காணப்படுகின்றது. லாவோ சீ உண்மையில் வாழ்ந்தவரா என்பதே ஐயத்துக்குரியது. அவர் பெயரிலுள்ள நூலின் கிடைத்துள்ள மிகப் பழைய பகுதிகள், 1993 இல் குவோதியான் என்னுமிடத்தில் கண்டெடுக்கப்பட்ட மூங்கில் பட்டைகளில் உள்ளன. இவை கி.மு. 300 அளவைச் சேர்ந்தவை. எனவே இச்சந்திப்பை வரலாற்று நிகழ்வாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்பதில்லை.

ஆயினும் இரு நெறிகளுக்கும் இடையிலான உறவை இக்கதை நன்கு காட்டுகின்றது. வழி எனப் பொருள்படும் தாவோ என்னும் சொல் இரண்டுக்கும் பொதுவானது. கன்பூசியசுக்குத் தாவோ என்பது முன்னோர் வகுத்த, மனிதர் கற்று நடக்க வேண்டிய நெறி. தாவோயியருக்கோ அது மனிதர் வகுக்காத, இயற்கையில் தானே இயங்கும் நெறி. இதனாலேயே தாவோயிய நூல்கள் கன்பூசியசைச் சில இடங்களில் அளவுக்கு மீறி முயல்பவராகவும், சில இடங்களில் தாவோயியத்தையே பேசுபவராகவும் சித்தரிக்கின்றன.

இறுதிக்காலம்

லூ நாட்டுப் படையில் வெற்றி ஈட்டிய மாணவர் ரான் ச்சியூவின் முயற்சியால், கி.மு. 484 இல் கன்பூசியஸ் தாய்நாடு திரும்ப அழைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 68. பழம்பாடல்களையும் ஆவணங்களையும் கற்பிப்பதில் எஞ்சிய ஆண்டுகளைக் கழித்தார். ஐந்து பழம்பெரும் நூல்களையும் அவரே தொகுத்தார் என்னும் மரபுக் கருத்தை இன்றைய ஆய்வாளர்கள் முழுமையாக ஏற்பதில்லை.

இக்காலத்தில் அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்தன. மகன் கொங் லி தந்தைக்கு முன்பே காலமானார். தமது நெறியைத் தொடர்வார் எனக் கன்பூசியஸ் நம்பியிருந்த யான் ஹுய் இளமையிலேயே இறந்தார். அவருக்காகக் கன்பூசியஸ் அளவு கடந்து அழுதது மற்ற மாணவர்களை வியப்பில் ஆழ்த்தியது. கி.மு. 480 இல் வெய் நாட்டுக் கலகத்தில் சீலூ கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு கன்பூசியஸ் காலமானார். தந்தைக்குரிய முறைப்படி மாணவர்கள் மூன்றாண்டு துக்கம் காத்தனர். சீகொங் மட்டும் கல்லறையருகே குடிசை அமைத்து மேலும் மூன்றாண்டுகள் தங்கினார்.

கருத்துக்கள்

கன்பூசியஸ் தாமே எழுதிய நூல் எதுவும் இல்லை. அவரது உரையாடல்கள், மாணவர்களாலும் அவர்களுடைய மாணவர்களாலும் லுன்யூ என்னும் நூலாகத் தொகுக்கப்பட்டன. இது 20 பகுதிகளைக் கொண்டது. இவரது முதன்மையான கருத்துக்கள்:

ரென் - பிறர்பால் கொள்ளும் மனிதநேயம். தமக்கு விரும்பாததைப் பிறருக்குச் செய்யாதிருத்தல் இதன் அடிப்படை.

லி - சடங்கும் நடத்தை ஒழுங்கும். அரச வேள்வி முதல் அன்றாட மரியாதை வரை இதில் அடங்கும். மனத்தில் ரென் இல்லாத லி வெறும் தோற்றமே என்பது அவர் கருத்து.

சியாவ் - பெற்றோரிடத்தும் முன்னோரிடத்தும் காட்டும் பணிவும் கடமையும்.

ஜுன்சீ - பண்பாளர். முன்பு இச்சொல் பிரபுவின் மகன் என்னும் பொருளில் பிறப்பைக் குறித்தது. கன்பூசியஸ் இதைக் கற்றலாலும் ஒழுக்கத்தாலும் உயர்ந்தவர் என்னும் பொருளில் கையாண்டார். உயர்வு பிறப்பால் வருவதன்று என்னும் அவரது நிலைப்பாடு இம்மாற்றத்தில் தெளிவாகின்றது.

கன்பூசியஸ் வானகத்தின் மீது பற்றுடையவர். முன்னோர் வழிபாட்டையும் மதித்தவர். எனினும் ஆவிகளைப் பற்றியும் இறப்புக்குப் பின்னுள்ள நிலை பற்றியும் பேசுவதைத் தவிர்த்தார். இதனால் கன்பூசியம் சமயமா அன்றி அறநெறியா என்னும் விவாதம் தொடர்கின்றது.

மறைவுக்குப் பின்

மென்சியஸ், சுன் சீ ஆகியோர் இவரது கருத்துக்களை வளர்த்தனர். கி.மு. 213 இல் ச்சின் பேரரசு பழைய நூல்களை எரிக்க ஆணையிட்டது. பின்னர் ஹான் பேரரசர் வூ காலத்தில், கி.மு. 136 இல் ஐந்து நூல்களுக்கும் அரசவைப் புலவர்கள் அமர்த்தப்பட்டனர். சூ சி (1130 – 1200) தாவோயிய, பௌத்த வாதங்களை எதிர்கொண்டு கன்பூசியத்துக்குப் புது விளக்கம் அளித்தார். அவரது உரைகள் 1313 இல் அரசுப் பணித் தேர்வுக்குப் பாடமாக்கப்பட்டன. இத்தேர்வு முறை 1905 இல் கைவிடப்பட்டது. வியட்நாமின் ஹனோயில் 1070 இல் இவருக்குக் கோயில் கட்டப்பட்டது. கொரியாவின் சொசன் அரசமரபு 1398 இல் சியோலில் கன்பூசியக் கல்லூரி ஒன்றை நிறுவியது.

20 ஆம் நூற்றாண்டில் சீனாவின் பின்தங்கிய நிலைக்குக் கன்பூசியமே காரணம் எனப் பலர் குற்றஞ்சாட்டினர். பண்பாட்டுப் புரட்சியின்போது, 1966 இல், செங்காவலர்கள் ச்சூஃபூவிலுள்ள கோயிலையும் கல்லறைகளையும் சேதப்படுத்தினர். பின்னர் இவை சீரமைக்கப்பட்டு 1994 இல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் களங்களாக அறிவிக்கப்பட்டன. தைவானில் இவரது பிறந்த நாளாகக் கொள்ளப்படும் செப்டம்பர் 28 ஆசிரியர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது.