அறிக்கைக்குப் பெயர் தந்தவர்

தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் என் தோழியின் வீடு இருக்கிறது. அங்குச் செல்லும்போதெல்லாம் ‘ஜாலான் ஆதி நாகப்பன்’ என்ற பெயர்ப்பலகையைக் கடந்திருக்கிறேன். யார் அவர் என்று கேட்கத் தோன்றியதில்லை. எங்கள் குடியிருப்பில் அடைத்துக்கொண்ட கால்வாய்க்காக அப்பா மூன்று கடிதங்கள் எழுதிப் பதில் வராத ஆண்டில்தான், எங்கள் பகுதிக்கு மன்ற உறுப்பினர் யார், அவரைத் தேர்ந்தெடுத்தது யார் என்று நூலகத்தில் தேடினேன். தேடல் அந்தப் பலகையில் வந்து நின்றது.

தான் ஸ்ரீ ஆதி நாகப்பன் இளமையில் தமிழ்ப் பத்திரிகையாளர். பின்னர் வழக்கறிஞர், ம.இ.கா. தலைவர்களுள் ஒருவர், மேலவை உறுப்பினர். ஜான்சி ராணிப் படையில் துணைத் தளபதியாக இருந்த ஜானகி அவருடைய துணைவியார். அம்மையாரை நம்மில் பலர் அறிவோம். கணவரைத்தான் மறந்துவிட்டோம்.

இன்றைய மாணவர்கள் நம்ப மாட்டார்கள், கோலாலம்பூரில் ஒரு காலத்தில் நகராண்மைக் கழகத் தேர்தல் நடந்தது. 1952-இல் பங்சார் தொகுதியில் வென்ற தேவகி கிருஷ்ணன்தான் மலாயாவில் தேர்தலில் வென்ற முதல் பெண்மணி. 1961-இல் தலைநகர் ஆணையர் ஒருவரின் கீழ் வந்தது. 1965 மார்ச்சில் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி நாடெங்கும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. சில மன்றங்களின்மீது முறைகேட்டுப் புகார்களும் இருந்தன. அவற்றுள் ஜார்ஜ்டவுன் போன்றவை எதிர்க்கட்சியினர் கையில் இருந்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவ்வாண்டே அமைந்த அரச ஆணையத்திற்கு ஆதி நாகப்பன் தலைவரானார். ஜார்ஜ்டவுனின் முதல் மேயர் டி.எஸ். இராமநாதனும் அதில் உறுப்பினர். ஆளுங்கூட்டணியைச் சேர்ந்த தலைவர், அரசு நியமித்த ஆணையம். தேர்தல் வேண்டாம் என்று எழுதியிருந்தால் எவரும் வியந்திருக்க மாட்டார்கள். ஆணையமோ குறைகளை மறைக்காமல் பதிவு செய்துவிட்டு, அவற்றுக்கு மருந்து தேர்தலை ஒழிப்பதன்று என்ற முடிவுக்கு வந்தது. கோலாலம்பூர் உட்பட எல்லா ஊராட்சிகளிலும் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களே இருக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. சிதறிக் கிடந்த சட்டங்களை ஒன்றாக்கவும் வழி கூறியது.

1968-இல் முடிந்த அறிக்கை 1971-இல்தான் வெளியிடப்பட்டது. இடையில் 1969 மே 13 வந்து போனது. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் மேற்கு மலேசியாவுக்கு ஒரே சட்டத்தைத் தந்தது. அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு தேர்தலை அடியோடு நீக்கியது. உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கலாயிற்று. கேட்டதில் பாதியைக் கொடுத்து, உயிரான பாதியை விட்டுவிட்டார்கள் என்பதே என் எண்ணம்.

ஊராட்சித் தேர்தலைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ‘ஆதி நாகப்பன் அறிக்கை’ மீண்டும் எடுக்கப்படுகிறது. நம் மன்ற நூலகத்திலும் ஒரு படி இருக்க வேண்டும் என்று செயலவையிடம் கேட்டிருக்கிறேன். அப்பா நான்காவது கடிதத்தை எழுதிவிட்டார்.